கத்திக்குக் கீழே ஒரு 'ம்'

தெருவில் அவருக்குத் தோத்திரம் என்று பெயர். பெற்றோர் வைத்த பெயர் வேறு. அது ஓட்டுப் போடும் நாளில் மட்டும் வெளியே வரும். முடி திருத்தும் கடை வைத்திருந்தார். வாசலில் யார் நிழல் விழுந்தாலும் "ஸ்தோத்திரம், வாங்க!" என்று குரல் கொடுப்பார். மின்சாரக் கணக்கு எடுக்க வருகிறவருக்கும் அதே வரவேற்புதான். எதிர்க்கடைப் பூனை எட்டிப் பார்த்தாலும் அதே வரவேற்புதான் என்று பிள்ளைகள் கேலி செய்வார்கள். அவரும் சேர்ந்து சிரிப்பார்.

இரண்டு நாற்காலி போட்ட கடை. ஒன்று சாயும், இன்னொன்று சாய்ந்தால் நிமிராது. ஓரமெல்லாம் ரசம் போன கண்ணாடி. அதன் தலைப்பில் ஒரு பைபிள் வசன அட்டை. கீழே தட்டில் சீப்பு, கத்தரி, தண்ணீர் அடிக்கும் புட்டி, ஒரு கட்டிப் படிகாரம். அந்தத் தெருவில் எல்லா மதத்துக்கும் இடம் இருந்தது. விடிந்ததும் ஒலிபெருக்கிகள் முறை வைத்துக்கொண்டு முழங்கும். முறை தவறி இரண்டு ஒன்றாகக் கிளம்பிய நாட்களில் தோத்திரம், கிறிஸ்தவப் பாட்டு ஓடும் தன் ரேடியோவின் காதையும் கொஞ்சம் திருகிவிடுவார். தன் பக்கம் தோற்றுவிடக் கூடாதே!

அவருடைய விசுவாசத்தைக் கேலி செய்ய நமக்கு வாய் வராது. ஒரு காலத்தில் காலையிலேயே குடித்துவிட்டுக் கடை திறந்தவர். கை நடுக்கத்தில் ஒருவர் காதோரம் தையல் போடும் அளவுக்குப் போய்விட்டது. மனைவி கிளினிக்கில் தரை துடைத்துக் குடும்பத்தை இழுத்தார். அந்தச் சமயத்தில்தான் சபைக்காரர்கள் வீட்டுக்கு வந்து ஜெபித்தார்கள். அவரும் அழுதார், குடியை விட்டார், விட்டது விட்டதுதான். தன்னைக் குழியிலிருந்து தூக்கிவிட்டவரைப் பற்றி நாலு பேரிடம் சொல்லாமல் எப்படி இருப்பது? அந்த ஆசையில் கள்ளம் இல்லை.

கள்ளம் இருந்ததெல்லாம் சொல்லும் முறையில்தான். முடி வெட்ட வருகிறவன் வாதாடுவான். அசைந்தால் காது போகும் என்று மிரட்டினாலும் அடங்க மாட்டான். சவரத்துக்கு உட்கார்ந்தவன் பாடுதான் பாவம். முகம் முழுக்க நுரை, கத்தி கன்னத்தில். மேல் கன்னத்தில் ஆரம்பிக்கும்போது உலகம் உண்டாகும். தாடை வருவதற்குள் மனிதன் பாவத்தில் விழுந்திருப்பான். மோவாயில் சிலுவை. கத்தி தொண்டைக்குழிக்கு இறங்கும்போது தோத்திரம் கேட்பார்: "ஆண்டவரை ஏத்துக்கிறீங்களா?"

"ம்" என்பார் உட்கார்ந்திருப்பவர்.

வேறென்ன சொல்வார்? கதை கேட்டால் 'ம்' கொட்டுகிற ஜனங்கள் நாம். கேட்டுக்கொண்டிருக்கிறேன் என்பதற்கும் 'ம்', சரி என்பதற்கும் 'ம்', போதும் ஆளை விடு என்பதற்கும் 'ம்'. வாயைத் திறந்தால் உதடு போகும் என்றால் எல்லாவற்றுக்கும் சேர்த்து ஒரே 'ம்'. இது தோத்திரத்துக்குத் தெரியாதா? நன்றாகத் தெரியும். ஆனாலும் ஒவ்வொரு 'ம்'மும் காதில் தேனாக விழுந்தது.

அதிகமாக 'ம்' கொட்டியவர் அடுத்த கடைக் கடிகாரக்காரர். பழைய கடிகாரங்களைப் பிரித்துப் பழுது பார்ப்பவர், அதிகம் பேசாத ஆள், வேறு சாமி கும்பிடுகிறவர். கலியாணம் செய்துகொள்ளவில்லை. பக்கவாதத்தில் விழுந்த அம்மாவை வீட்டில் வைத்துக் குளிப்பாட்டி, ஊட்டிவிட்டுப் பார்த்துக்கொள்கிறார். தோத்திரம் அவரை அண்ணே என்பார். அவர் இவரைத் தம்பி என்பார். வாரம் தவறாமல் சவரத்துக்கு வந்து கண்ணை மூடிக் கழுத்தைக் கொடுப்பார்.

அந்த மாதம் சபையில் பாஸ்டர் ஒரு பிரசங்கம் செய்தார். வெளியே உலகம் இருட்டில் கிடக்கிறது, வெளிச்சத்தை நெல் அளக்கும் மரக்காலுக்கடியில் மூடி வைத்துக்கொண்டு நாம் பாட்டுப் பாடுகிறோம், இந்த மாதம் ஆளுக்கு ஓர் ஆத்துமாவை ஆண்டவரிடம் சேர்க்க வேண்டும் என்றார். மறு ஞாயிறே, யாரைச் சேர்த்தோம் என்று சாட்சி சொல்ல ஒவ்வொருவராக எழுந்தார்கள். தோத்திரம் தூணுக்குப் பின்னால் ஒதுங்கி உட்கார்ந்திருந்தார்.

"பிரதர், உங்க கடைக்கு வராத ஆள் உண்டா? உங்க சாட்சி என்ன?" என்று பாஸ்டர் மைக்கிலேயே கேட்டுவிட்டார்.

எனக்காக ஜெபியுங்கள் என்று சொல்லி உட்காரத்தான் எழுந்தார். எழுந்ததும் சபை முழுக்கத் திரும்பிப் பார்த்தது. அத்தனை முகங்களைப் பார்த்ததும் நாக்கு வேறு பக்கம் போய்விட்டது. "எங்க பக்கத்துக் கடை கடிகாரக்கார அண்ணன் கர்த்தரை ஏத்துக்கிட்டார். என் நாற்காலியிலேயே. கண்ணீரோட" என்றார். அல்லேலூயா என்று கூரை அதிர்ந்தது. பாஸ்டர் மேடையை விட்டிறங்கி வந்து கட்டிக்கொண்டார். தோத்திரத்துக்கு உடம்பெல்லாம் புல்லரித்தது. தன் வாழ்நாளில் யாரும் அவரை நாலு பேர் பார்க்கக் கட்டிக்கொண்டதில்லை.

வீட்டுக்குத் திரும்பும் வழியில் மனைவி கேட்டார்: "அந்த அண்ணன் எப்பங்க அழுதார்?"

"ஆவியானவர் தொட்டார்."

"படிகாரம் தொட்டுச்சுன்னுல்ல சொன்னீங்க? கத்தி பட்டுடுச்சு, படிகாரம் வெச்சேன், எரிச்சல்ல மனுஷனுக்குக் கண்ணுல தண்ணி வந்துடுச்சுன்னு நீங்கதானே வருத்தப்பட்டீங்க?"

"வாயை மூடிட்டு வா" என்றார் தோத்திரம். மனைவி மூடிக்கொண்டார். அதுதான் தோத்திரத்துக்கு அதிகம் உறுத்தியது.

அந்த வாரம் கடிகாரக்காரர் சவரத்துக்கு வரவில்லை. அடுத்த வாரமும் வரவில்லை. கண்ணில் பூதக்கண்ணாடியைச் செருகிக்கொண்டு குனிந்து வேலை செய்துகொண்டிருந்தார். முகத்தில் தாடி புதராக மண்டியது. "என்னண்ணே, விரதமா?" என்று தோத்திரம் வாசலில் நின்று கேட்டுப் பார்த்தார். அவர் நிமிரவே இல்லை.

சேதி மனைவி வழியாக வந்தது. சபையில் காய்கறி விற்கும் அக்கா ஒருவர் உண்டு, மனதில் சூதுவாது இல்லாதவர். அந்தத் தெருவில்தான் கூடை தூக்குகிறார். கடிகாரக்காரர் வீட்டு வாசலில் கூடையை இறக்கி, "உங்க பிள்ளை எங்க வேதத்துக்கு வந்துட்டாராமே, எவ்வளவு சந்தோஷம்மா!" என்று படுத்திருந்த அம்மாவிடம் வாயாரச் சொல்லிவிட்டுப் போயிருக்கிறார். அன்றிலிருந்து அந்த அம்மா மகன் கையால் சாப்பிடுவதில்லை. பக்கத்து வீட்டுப் பெண் வந்து பால் கொடுத்தால் இரண்டு மடக்குக் குடிப்பதோடு சரி.

"அவர் இல்லவே இல்லைன்னு சத்தியம் பண்ணிட்டாராங்க. அந்த அம்மா நம்ப மாட்டேங்குறாங்களாம்" என்றார் மனைவி.

"பெத்த பிள்ளை சொல்றதை நம்ப மாட்டாங்களா?"

"கோயில்ல சாமி முன்னாடி நின்னு ஒருத்தன் பொய் சொல்வானான்னு கேக்குறாங்களாம்."

தோத்திரத்துக்குச் சோறு இறங்கவில்லை. தட்டை நகர்த்தி வைத்துவிட்டு எழுந்தார். ஒரு கிழவி பட்டினி கிடக்கிறாள், அதை முடித்துவைக்கத் தன் ஒருவனால்தான் முடியும் என்பது விளங்கிவிட்டது. அதற்கு என்ன சொல்ல வேண்டும் என்பதும் விளங்கிவிட்டது. விளங்கியும் இரண்டு நாள் கடத்தினார். காய்கறி அக்கா காதில் தப்பாக விழுந்துவிட்டது என்று சொல்லிப் பார்க்கலாமா? பாஸ்டரையே அனுப்பிப் பேசச் சொல்லலாமா? எந்தப் பக்கம் போனாலும் வழி அந்த அம்மா படுத்திருந்த கட்டிலில்தான் போய் முட்டியது.

மூன்றாம் நாள் அந்த வீட்டுக் கதவைத் தட்டினார். கடிகாரக்காரர்தான் திறந்தார். வா என்றும் சொல்லவில்லை, போ என்றும் சொல்லவில்லை, ஒதுங்கி நின்றார். சின்ன அறை. ஜன்னலை ஒட்டிக் கட்டில். மடித்த துணிகள், மருந்துப் புட்டிகள், வெந்நீர்க் குவளை எல்லாம் கைக்கெட்டும் இடத்தில் ஒழுங்காக இருந்தன. தலைமாட்டில் அவர்கள் கும்பிடும் சாமிக்கு ஒரு சின்ன விளக்கு எரிந்தது. ஒரு பக்கம் இழுத்துக்கொண்ட வாயோடு அந்த அம்மா தோத்திரத்தை ஏற இறங்கப் பார்த்தார்.

"யாரு, சவரக்காரப் பிள்ளையா? வாப்பா."

"அம்மா, அது வந்து... காய்கறிக்கார அக்கா தப்பாப் புரிஞ்சுக்கிட்டாங்க."

"அவ தப்பாச் சொன்னாளா, நீ சொன்னதைச் சொன்னாளா?"

தோத்திரம் வேட்டி நுனியைத் திருகினார்.

"இவன் அழுதானாமே?"

"அழலைம்மா. கத்தி பட்டுடுச்சு. படிகாரம் எரிஞ்சுது."

"சரின்னு சொன்னானாமே?"

"ம்னார். தொண்டையில கத்தி வெச்சிருந்தேன்." வேட்டி நுனியை விட்டார். "நான் பொய் சொல்லிட்டேம்மா. அண்ணன் மாறவே இல்லை."

"உங்க சாமி முன்னாடி நின்னா சொன்னே?"

"ஆமாம்மா."

அந்த அம்மா திட்டியிருந்தால் தோத்திரம் தாங்கியிருப்பார். அவர் மெல்லத்தான் சொன்னார்: "சாமி பேரைச் சொல்லித் திருந்தினவன் ஆச்சேன்னு, என் பிள்ளையை விட உன்னைத்தாம்ப்பா நம்பினேன்."

இருட்டில் கிடப்பவர்களுக்கு வெளிச்சம் கொண்டுபோகச் சொல்லியிருந்தார் பாஸ்டர். தோத்திரமோ அந்த அறையில் ஒளிந்துகொள்ள ஓர் இருட்டு மூலை கிடைக்காதா என்று பார்த்தார். வெட்கம் பிடுங்கித் தின்றது. அம்மா மகனைப் பார்த்து, "தட்டை எடுத்துட்டு வாடா" என்றார். கடிகாரக்காரர் சோற்றைக் குழையப் பிசைந்து கொண்டுவந்து கட்டிலில் உட்கார்ந்தார். முதல் கவளத்தை ஊட்டும்போது அவர் தோள் குலுங்கியது. இப்போது நிஜமாகவே அழுதார். தோத்திரம் சொல்லிக்கொள்ளாமல் வெளியே வந்து, செருப்பை மாற்றிப் போட்டுக்கொண்டு நடந்தார்.

ஞாயிறு வந்தது. அன்று அவரை யாரும் கூப்பிடவில்லை, தானாகவே எழுந்தார். இன்னோர் ஆத்துமாவோ என்று பாஸ்டர் மலர்ந்த முகத்தோடு மைக்கை நீட்டினார்.

"போன தடவை நான் சொன்னது பொய்" என்றார் தோத்திரம்.

"பிரதர், உட்காருங்க. நாம தனியாப் பேசிக்கலாம்."

"இல்லைங்கய்யா. இங்கதான் சொன்னேன், இங்கேயே சொல்லிடறேன்." மைக் பல்லில் இடித்தது. "நான் குடியை விட்டப்ப நீங்க எல்லாரும் எனக்காக உபவாசம் இருந்தீங்க. நன்றி. ஆனா கை நடுக்கம் நிக்கலை. கடையைத் திறந்து வெச்சுட்டு உக்காந்திருப்பேன், ஒருத்தரும் வர மாட்டாங்க. நீங்களும் வரலை. உங்களைக் குறை சொல்லலை, யாருக்குத்தான் பயம் இருக்காது? அப்ப அந்தக் கடிகாரக்கார அண்ணன்தான் வந்து உக்காந்தார். சட்டைப் பொத்தானைக் கழட்டினார். கை நடுங்குதுண்ணேன்னு சொன்னேன். எனக்கு அவசரம் இல்லை, மெதுவாப் பண்ணுன்னுட்டு கழுத்தைக் கொடுத்தார். அவர் கழுத்துலதான் என் கை நின்னுச்சு. அப்படிப்பட்டவரைப் பத்தித்தான் நான் பொய் சொன்னேன். இதுதான் என் சாட்சி."

யாரும் ஆமென் சொல்லவில்லை. காய்கறி அக்கா முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டார். பாஸ்டர் குனிந்த தலையோடு ஒரு பாட்டை ஆரம்பித்தார். சுருதி சேரவே இல்லை. தோத்திரம் தூணுக்குப் பின்னால் போய் உட்கார்ந்தார். பெண்கள் பக்கமிருந்து மனைவி எழுந்து வந்து, ஆண்கள் வரிசையென்றும் பார்க்காமல் அவர் பக்கத்தில் உட்கார்ந்துகொண்டார்.

அந்த வாரத்தில் ஒரு காலை. கடை வாசலில் நிழல் விழுந்தது. "ஸ்தோ..." என்று ஆரம்பித்த தோத்திரம் நிறுத்திக்கொண்டார். கடிகாரக்காரர்.

"அம்மா போகச் சொன்னாங்க. மூஞ்சியைப் பார்க்கச் சகிக்கலையாம்" என்றார். சாயும் நாற்காலியில் உட்கார்ந்தார், பொத்தானைக் கழற்றினார், கண்ணை மூடினார்.

தோத்திரம் துணியைப் போர்த்தினார். நுரை பூசினார். ரேடியோ ஓடவில்லை. கத்தியை எடுத்தபோது கை நடுங்கியது, பழைய நாட்களில் நடுங்கியது போலவே. கன்னத்தில் முதல் வழிப்பு இறங்கியதும், அவர் வாயைத் திறந்தார்.

"அண்ணே, நான் உங்ககிட்ட..."

கடிகாரக்காரர் கண்ணைத் திறக்கவில்லை. உதட்டை லேசாக அசைத்துச் சொன்னார்: "பேசறதா இருந்தா கத்தியைக் கீழ வெச்சுட்டுப் பேசு, தம்பி."

தோத்திரம் கத்தியைத் தட்டில் வைத்தார். இரண்டு கையையும் துடைத்துக்கொண்டார். இத்தனை வருடம் அந்த நாற்காலிக்குப் பின்னால் நின்று உலகம் உண்டானதிலிருந்து பேசியவருக்கு, ஒரே ஒரு சொல்தான் வந்தது.

"மன்னிச்சிடுங்கண்ணே."

"ம்" என்றார் அவர்.

அந்த 'ம்' மன்னித்துவிட்டதற்கா, கேட்டுக்கொண்டதற்கா, போதும் வேலையைப் பார் என்பதற்கா என்று தோத்திரத்துக்குத் தெரியவில்லை. கேட்கவும் வாய் வரவில்லை. கை நிற்கும்வரை காத்திருந்து, கத்தியை எடுத்தார்.