ஐஸில் புதைத்த ரத்தம்

ஆடிக் கிருத்திகை அன்று, சிறுநீரகக் கோளாறுள்ள என் மனைவிக்குப் பரிசோதனைக்காக ரத்தம் எடுக்க லேப் பெண் வீட்டுக்கு வந்தார். திருத்தணிக்குத்தான் போகிறேன், அங்கே உங்கள் லேபில் நானே கொண்டுபோய்க் கொடுத்துவிடுகிறேன் என்று குழாயை வாங்கிக்கொண்டேன். காவடிக் கூட்டத்தில் பஸ் நகரவில்லை. வெயிலில் ரத்தம் கெட்டுவிடுமே என்று ஜூஸ் கடையில் ஐஸ் வாங்கி அதற்குள் குழாயைப் புதைத்தேன். லேப் வாசலில் ஐஸைக் கொட்டிவிட்டு, துடைத்துக் கொடுத்தேன்.

மாலையில் அந்தப் பெண் போன் செய்தார்.

"பொட்டாசியம் ரொம்ப ஏறி இருக்குது சார். ஐஸ்ல எதுனா வெச்சீங்களா? ரத்தத்துல செல்லு உடைஞ்சா இப்படிக் காட்டும்."

நான் வேதியியல் ஆசிரியராக இருந்து ஓய்வு பெற்றவன். "இல்லம்மா" என்றேன்.

பொட்டாசியம் இவ்வளவு ஏறினால் இதயம் நின்றுவிடலாம், உடனே ஆஸ்பத்திரியில் சேருங்கள் என்றார் மனைவியைப் பார்க்கும் டாக்டர். அரக்கோணம் போகும் ஆட்டோவில் மனைவி என் கையை விடவே இல்லை.

"ரொம்ப மோசமாங்க?"

பதில் சொல்லாமல் ரோட்டைப் பார்த்தேன். ஐஸ் காரணமாக இல்லாமல், உண்மையாகவே ஏறியிருந்தால் என்ன செய்வது என்ற பயமும் சேர்ந்துகொண்டது. ஆஸ்பத்திரியில் நர்ஸ் ஊசியில் மருந்தை நிரப்பியபோதுதான் வாய் திறந்தேன்.

"இருங்கம்மா. ரத்தத்த ஐஸ்ல வெச்சேன். பொய் சொல்லிட்டேன்."

மறுபடி எடுத்த ரத்தத்தில் பொட்டாசியம் சரியாகவே இருந்தது.

"ஐஸ்ல வெச்சது தெரியாம செஞ்சது," என்றாள் மனைவி. "ஆட்டோல நான் கேட்டப்ப தெரிஞ்சுகினே கம்முனு வந்தீங்களே."

இப்போதும் ரிப்போர்ட் வந்தால் நான்தான் படித்துச் சொல்கிறேன். "நல்லா இருக்கு" என்றதும் என் முகத்தைச் சற்று நேரம் பார்க்கிறாள். பிறகுதான் நம்புகிறாள்.