மடியில் இருந்த லட்டு

என் மகளுக்கு ஏழு வயதிலேயே சர்க்கரை நோய். தினமும் இன்சுலின் ஊசி. அரிசியும் இனிப்பும்தான் விஷம் என்று செல்போன் வீடியோவில் யாரோ பேசியதைக் கேட்டு, வேகவைத்த கீரை, முளைகட்டிய பயறு என்று அவள் சாப்பாட்டையே மாற்றினேன். டாக்டரிடம் சொல்லவில்லை. ஊசியின் அளவையும் குறைக்கவில்லை. மீட்டரில் எண் குறையக் குறைய எனக்குப் பெருமைதான்.

போன வருஷம் திருமலையில் அவளுக்கு முடி இறக்கினோம். அன்னதானத்தில் இலையில் சோறு விழுந்ததும் அவளை எழுப்பிக் கூட்டிவந்துவிட்டேன்.

"கொயந்த பசியோட போவுதேம்மா" என்றார் பரிமாறியவர். நான் திரும்பிப் பார்க்கவில்லை.

நகரிக்குத் திரும்பும் பஸ் புத்தூரைத் தாண்டியபோது அவள் மொட்டைத் தலையெல்லாம் வியர்த்தது. கை நடுங்கியது. பக்கத்து சீட்டு அம்மா தொட்டுப் பார்த்துப் பதறினார்.

"எங்க ஊட்டுக்காரருக்கும் இப்டித்தான் ஆவும். சக்கரை எறங்கிப்போச்சு. இனிப்பு எதனா குடும்மா, சீக்கிரம்!"

என் மடியில்தான் பிரசாத லட்டு இருந்தது. கிள்ளி வாயருகே கொண்டுபோனேன். பல்லை இறுகக் கடித்துக்கொண்டாள்.

"வாணாம்மா. துன்னா செத்துடுவேன்னு நீதான சொன்ன?"

"நான் சொன்னது பொய்டி. துன்னுடி!" என்று கத்தினேன். அவள் நம்பவில்லை. கண் செருகத் தொடங்கியது. அந்த அம்மாதான் லட்டை உதிர்த்து அவள் கன்னத்துக்குள் தடவித் தடவி விட்டார்.

பிழைத்துக்கொண்டாள். இப்போது டாக்டர் சொன்ன அளவில் சோறும் சாப்பிடுகிறாள். ஆனால் ஒவ்வொரு வாய்க்கும் முன்னால் என் முகத்தைப் பார்க்கிறாள். நான் தலையாட்டும்வரை வாயைத் திறப்பதில்லை.