நோட்டில் இருந்த ‘ஹி’

எனக்குச் சந்தேகம் வரப் பெரிய காரணம் எதுவும் தேவையில்லை. நாகலூர்ப் பக்கம் ஒரு காப்பி எஸ்டேட்டில் ரைட்டர் வேலை. காலையில் யார் வந்தார்கள், யார் வரவில்லை என்று பெயர் எழுதுவதுதான் என் பிழைப்பு. வயிற்றுவலி என்று லீவு கேட்பவர் முகத்தைப் பார்த்ததுமே, வலியெல்லாம் இல்லை, ஏற்காட்டுக்குப் பஸ் ஏறப் போகிறார் என்று எனக்குப் பட்டுவிடும். பாதி நாள் அது தப்பாகவும் இருக்கும். அதற்காகப் பழக்கத்தை விட முடியுமா?

என் மனைவி பக்கத்தில் ஒரு ஹோம்ஸ்டேயில் சமையல் செய்துகொண்டிருந்தாள். வருகிற விருந்தாளிகளிடம் இங்கிலீஷில் நாலு கேள்வி கேட்கத் தெரிந்தால் ரிசப்ஷனில் உட்காரவைப்பதாக முதலாளியம்மா சொல்லியிருந்தார். அடுப்புச் சூட்டில் நின்று நின்று அவளுக்குக் கால் வீங்கிக் கிடந்தது. அந்த நாற்காலிக்காகவே புதன்கிழமைதோறும் ஏற்காட்டில் ஒரு சர்ச் ஹாலில் நடந்த வகுப்புக்குப் போனாள்.

கேள்வி கேட்க ஒரு வகுப்பா, அதுதான் வகுப்பில்லாமலே வீட்டில் நடக்கிறதே என்று முதலில் கிண்டல் செய்தேன். அவள் அதைக் காதில் போட்டுக்கொள்ளவில்லை.

“தமிழ்ல கடைசியில ஒரு ‘ஆ’ போட்டாப் போதுமுங்க. வந்தார், வந்தாரா. இங்கிலீசுல ‘டிட்’டைக் கொண்டாந்து முன்னால வெக்கோணும். வெச்சதும் ‘கேம்’ங்கறது மறுபடியும் ‘கம்’ ஆயிருமுங்க.”

நடந்து முடிந்ததைச் சொல்லும் வேலையை ‘டிட்’ எடுத்துக்கொண்டுவிடுகிறதாம். எனக்கு உள்ளுக்குள் கொஞ்சம் எரிந்தது. இருபத்தைந்து வருடமாக இங்கிலீஷில் எழுதுகிறவன் நான். ஆனால் எஸ்டேட் நோட்டில் ‘ரெயின், வொர்க் ஸ்டாப்டு’ என்றுதான் வரும், கேள்வியே வராது. நான் கேட்டால் ‘யூ வென்ட் வேர்’ என்பதோடு சரி. அதை அவளிடம் காட்டிக்கொள்ளவில்லை.

ஒரு ஞாயிற்றுக்கிழமை அவளுடைய நோட்டு அரிசி டிரம் மேல் இருந்தது. திறந்தேன். வேர் டஸ் ஹி கோ ஆன் சண்டேஸ்? வாட் டஸ் ஹி லைக்? வொய் டஸ் ஹி நாட் டாக்? அவன் ஞாயிற்றுக்கிழமைகளில் எங்கே போகிறான், அவனுக்கு என்ன பிடிக்கும், அவன் ஏன் பேசுவதில்லை. கடைசி வரி புதிதாக எழுதியது. வில் ஹி கம்? அவன் வருவானா?

யார் இந்த அவன்? ஹோம்ஸ்டேக்குப் புல்லட்டில் வந்துபோகும் சேலத்து மேனேஜர் ஞாபகத்துக்கு வந்தான். அவன் வாய் ஓயாமல் பேசுகிறவன். ‘ஏன் பேசுவதில்லை’ என்பது அவனுக்குப் பொருந்தவே இல்லை. பொருந்தாததை ஒதுக்கி வைத்துவிட்டேன்.

அன்று சாயங்காலம் சோறு போட்டபடியே கேட்டாள். “ஏனுங்க, புதங்கிழமை மத்தியானம் உங்களுக்குச் சோலி இருக்குதுங்களா?”

“எதுக்குக் கேக்கற?”

“சும்மாதானுங்க.”

“நொம்ப இருக்குது. நகர முடியாது” என்றேன். தலையாட்டிவிட்டு ரசம் ஊற்றினாள். நான் குறுக்கே வரமாட்டேன் என்று உறுதிசெய்துகொள்கிறாள் என்றே எடுத்துக்கொண்டேன்.

புதன்கிழமை வயிற்றுவலி என்று லீவு சொல்லிவிட்டு, அவள் ஏறியதற்கு அடுத்த பஸ்ஸில் போனேன். நல்ல மூடுபனி. ஹாலுக்கு வெளியே ஒரு சில்வர் ஓக் மரத்தில் முதுகைச் சாய்த்துக்கொண்டு, கழுத்தை மட்டும் திருப்பி ஜன்னல் வழியாகப் பார்த்தேன். உள்ளே பத்துப் பெண்கள். ஒவ்வொருத்தி பக்கத்திலும் வீட்டு ஆள் ஒருவர். ஒருத்திக்குக் கணவர், இன்னொருத்திக்கு மாமியார். பெண்கள் எழுந்து நின்று அவர்களிடம் இங்கிலீஷில் கேள்வி கேட்டார்கள். டீச்சரம்மா திருத்திக்கொண்டிருந்தார்.

என் மனைவியின் பக்கத்து நாற்காலி மட்டும் காலி. அவள் வாசலைப் பார்த்தாள். நானும் வாசலைப் பார்த்தேன். அவள் முறை வந்தபோது டீச்சரம்மாவே அந்த நாற்காலியில் வந்து உட்கார்ந்தார். ஆள் உஷார், எப்படியோ மோப்பம் பிடித்துவிட்டான் என்று முணுமுணுத்துக்கொண்டு, அவளுக்கு முந்தின பஸ்ஸில் திரும்பினேன்.

சாயங்காலம் அவள் பீன்ஸ் நறுக்கிக்கொண்டிருந்தாள். எங்கள் லைன் வீட்டுச் சுவருக்கு அந்தப் பக்கம் தும்மினால் இந்தப் பக்கம் கேட்கும். அதனால் நோட்டை அவள் முன்னால் போட்டு இங்கிலீஷிலேயே கேட்டேன். “ஹி இஸ் ஹூ?”

அவள் நிமிரவில்லை. “‘ஹூ இஸ் ஹி’ன்னு கேக்கோணுங்க. ‘ஹூ’ முன்னால வரோணும்.” பிறகுதான் என் முகத்தைப் பார்த்தாள். கத்தியைக் கீழே வைத்தாள். “நீங்கதானுங்க.”

நான் நோட்டை மறுபடி கையில் எடுத்தேன்.

“ஊட்டுல இருக்கற ஒருத்தரப் பத்திப் பத்துக் கேள்வி எழுதச் சொன்னாங்க. உங்க பேரை நான் எப்படி எழுதறது? ‘அவரு’ன்னு எழுதலாமுன்னா இங்கிலீசுல அதுக்குத் தனி வார்த்தை இல்லீங்களாம். அவனுக்கும் ‘ஹி’தான், அவருக்கும் ‘ஹி’தான்.”

எஸ்டேட்டில் வேலை என்று சொல்லிவிட்டு ஞாயிற்றுக்கிழமைகளில் நான் கரடியூரில் சீட்டாடப் போய்க்கொண்டிருந்தேன். அவர் எங்கே போகிறார், அவர் ஏன் பேசுவதில்லை. மறுபடி படித்தபோது எழுத்து மங்கலாகத் தெரிந்தது.

“அப்ப அந்தக் கடைசிக் கேள்வி?”

“இன்னிக்கு ஊட்டாளு ஒருத்தரக் கூட்டியாரச் சொல்லியிருந்தாங்க. உங்களுக்குத்தான் சோலி இருந்துச்சுங்களே.” குரலில் கோபமே இல்லை. இருந்திருந்தால் எனக்குச் சுலபமாக இருந்திருக்கும்.

பக்கத்தைத் திருப்பினேன். பஸ்ஸில் வரும்போது எழுதியிருக்க வேண்டும், எழுத்து ஆடியிருந்தது. டிட் ஹி கம்? நோ, ஹி டிட் நாட்.

“சரியா எழுதியிருக்கறனுங்களா?” என்று கேட்டாள்.

‘டிட்’ முன்னால் இருந்தது. ‘கம்’ பழையபடி இருந்தது. வந்திருந்தேன் என்று சொன்னால், ஏன் உள்ளே வரவில்லை என்பதையும் சொல்ல வேண்டும். அதற்கு முன் நான் அவ்வளவு வெட்கப்பட்டதில்லை. “சரிதான்” என்றேன்.

அந்த மாதமே அவளுக்கு ரிசப்ஷன் கிடைத்தது. ‘டிட் யூ ஸ்லீப் வெல்?’ என்று விருந்தாளிகளை விசாரிக்கிறாள். கரடியூருக்கு நான் இப்போது போவதில்லை.

ஒன்று மட்டும் பாக்கி. அந்தப் புதன்கிழமை சாயங்காலம் என் சட்டையைத் துவைக்க எடுத்தவள், முதுகுப் பக்கம் ஒட்டியிருந்த மரப்பட்டைத் துணுக்கைக் கிள்ளி எடுத்து, கொஞ்ச நேரம் பார்த்துவிட்டு ஜன்னல் வழியாகப் போட்டாள். எதுவும் கேட்கவில்லை. எங்கள் எஸ்டேட்டிலும் அதே சில்வர் ஓக் மரங்கள்தான். டிட் யூ ஸீ மீ? இப்போது எனக்கு அதைப் பிழையில்லாமல் கேட்கத் தெரியும். இன்னும் கேட்கவில்லை.