கை நனைக்க வந்த நாளும் என் ஊசி மருந்தும்

ஆயிரம் பொய் சொல்லி ஒரு கல்யாணம் பண்ணலாம் என்பார்கள். என் அக்கா கல்யாணத்துக்குச் சொன்ன முதல் பொய்யே நான்தான். எனக்குச் சர்க்கரை நோய். பள்ளிக்கூடத்துப் பிள்ளைக்குச் சர்க்கரையா என்று வாயைப் பிளக்காதீர்கள். சின்னப் பிள்ளைகளுக்கு வருகிற வகை அது, மிட்டாய் தின்று வந்ததில்லை. தினமும் இன்சுலின் ஊசி போட்டால் ஓடலாம், ஆடலாம், படிக்கலாம். போடாவிட்டால் சாவுதான்.

காரைக்குடி ஆஸ்பத்திரியில் என்னைப் போன்ற பிள்ளைகளுக்கென்று வாரத்தில் ஒரு நாளை ஒதுக்கியிருந்தார்கள். மருந்தும் ஊசியும் இலவசம். வயிற்று மடிப்பைப் பிடித்து எப்படிக் குத்திக்கொள்வது என்று காட்டித் தந்தவர் அங்கிருந்த நர்ஸ் சிஸ்டர். பெஞ்சில் வரிசையாக உட்கார்ந்து, யார் திருட்டுத்தனமாக அல்வா தின்றது என்று ஒருத்தரை ஒருத்தர் அவரிடம் மாட்டிவிடுவோம். சிரித்துச் சிரித்து வயிறு வலிக்கும். வீட்டில் நான் அப்படிச் சிரித்ததில்லை.

நெற்குப்பையிலிருந்து அக்காவுக்கு வரன் வந்ததும் அதெல்லாம் நின்றது.

"அவுக சொந்தக்காரப் பொண்ணு ஒண்ணு அந்த ஆஸ்பத்திரியில சீட்டு எழுதுதாம். நீ இனி அங்குட்டுத் தலை வச்சே படுக்கக் கூடாது" என்றாள் அம்மா.

தங்கச்சிக்குச் சர்க்கரை என்றால் அக்காவுக்கும் அதே ரத்தம்தானே என்று பேச்சு வருமாம். அக்கா நகத்துப் பாலிஷைச் சுரண்டிக்கொண்டிருந்தாள். அப்பா வழக்கம்போல அம்மா பக்கம்.

பெண் பிடித்துப்போய், கை நனைக்க வருகிறோம் என்று சொல்லி அனுப்பினார்கள். சம்பந்தம் உறுதியாகும்வரை மாப்பிள்ளை வீட்டார் பெண் வீட்டில் சாப்பிட மாட்டார்கள். ஒருமுறை இலையில் உட்கார்ந்து கை நனைத்துவிட்டால் பேச்சு முடிந்தது. ஆனால் சாப்பிட வரும் பெண்கள் சும்மாவா வருவார்கள்? கண்ணில் விளக்கெண்ணெய் விட்டுக்கொண்டு அடுப்படிவரை வந்து ஃப்ரிட்ஜைத் திறந்து பார்ப்பார்கள். அதனால் சேதி வந்த அன்றைக்கே என் மருந்து ஃப்ரிட்ஜிலிருந்து கிளம்பி, கொல்லையில் தகரக் கூரை போட்ட அறையில் ஊறுகாய் ஜாடிகளுக்குப் பின்னால் போய் ஒளிந்தது. சித்திரை வெயிலில் அந்த அறைக்குள் நின்றால் மண்டை வெந்துபோகும்.

"சூடு பட்டா கெட்டுப்போகும்மா. சிஸ்டர் சொல்லியிருக்காக."

"ஊறுகாயே கெடல. ஒன் ஊசி மருந்து கெடுமாக்கும்! போடி அங்குட்டு."

கெட்டுத்தான் போனது. தினமும் குத்தினேன், பச்சைத் தண்ணீரைக் குத்தியதுபோல இருந்தது. குடம் குடமாகத் தண்ணீர் குடித்தேன், ஓயாமல் கக்கூஸுக்கு ஓடினேன், சட்டை தொளதொளத்தது. புது மருந்து வாங்க ஆஸ்பத்திரிக்குப் போகிறேன் என்று காலைப் பிடிக்காத குறையாகக் கெஞ்சினேன். "கை நனைச்சுட்டுப் போகட்டும், அப்புறம் போ" என்றாள்.

அவர்களும் வந்தார்கள். மாப்பிள்ளையின் அம்மா என்னைப் பக்கத்தில் உட்காரவைத்துக்கொண்டு, "என்ன, பிள்ளை இப்புடி எளச்சுப்போயிக் கெடக்கு?" என்றார்.

"டயட்டாம் மதினி. இந்தக் காலத்துப் பிள்ளைகளக் கேக்கவா செய்யணும்" என்று அம்மா சிரித்தாள்.

"அடி ஆத்தி! கல்யாண வீட்டுல என்ன டயட்டு? வாயத் தெற" என்று தன் கையாலேயே கவுனி அரிசி இனிப்பை உருட்டி ஊட்டினார். நெய்யும் சர்க்கரையும் சொட்டச் சொட்ட ஒரு கவளம், அப்புறம் இன்னொன்று. சம்பந்தியம்மா ஊட்டுவதைத் துப்ப முடியுமா? அம்மாவின் பார்வை என் தொண்டையிலேயே இருந்தது, நான் முழுங்கும்வரை.

அந்த நேரத்தில்தான் வாசலில் சிஸ்டர் வந்து நின்றார். ஆஸ்பத்திரிக்கு வராத, போனையும் எடுக்காத பிள்ளையைத் தேடி, தோளில் நீல நிற ஐஸ் பெட்டியோடு பஸ் ஏறி வந்திருக்கிறார். பெட்டிக்குள் என் உயிர் இருந்தது. அவர் வாயைத் திறப்பதற்குள் அம்மா ஓடிப்போய் மறித்துக்கொண்டாள்.

"என்னம்மா, போலியோ சொட்டு மருந்தா? எங்க வீட்டுல சின்னப் பிள்ளைக யாரும் இல்லையே. அடுத்த தெருவுல பாருங்க."

சிஸ்டர் அம்மாவின் தோளுக்கு மேலாக என்னைப் பார்த்தார். கூடத்தில் இருந்த பட்டுச் சேலைகளையும் பார்த்தார். ஒரு பிள்ளையின் நோயை ஊரார் முன்னால் உடைக்கக் கூடாது என்று நர்ஸுகளுக்கு ஒரு கட்டுப்பாடு உண்டு.

"சரிங்கம்மா. பிள்ளை யாரும் இருந்தா நாளைக்கே கூட்டிக்கிட்டு வந்துருங்க. தள்ளிப்போடுற மருந்து இல்ல இது" என்று மட்டும் சொன்னார்.

"ஆகட்டும், ஆகட்டும்" என்று அம்மா கதவைச் சாத்தினாள். வாய் நிறைய கவுனி அரிசியோடு உட்கார்ந்திருந்தேன். கத்தியிருக்கலாம் என்கிறீர்களா? அக்கா என்னைப் பார்த்த பார்வையை நீங்கள் பார்க்கவில்லை.

மறுநாள் விடிந்ததிலிருந்து வாந்தி. "நெய் சேரல" என்று அம்மா ஓமத் தண்ணீர் கொடுத்தாள். மதியத்துக்குள் மூச்சு இழுக்கத் தொடங்கியது. ஓடிவந்த நாயைப்போல வாயால் மூச்சு வாங்கினேன். அப்பாதான் பயந்துபோய் ஆட்டோவைக் கூப்பிட்டார். காரைக்குடி போகிற வழியில் மானகிரி தாண்டியது தெரியும், அதற்குப் பிறகு ஒன்றும் தெரியாது.

கண் விழித்தபோது கையில் ட்ரிப்ஸ் ஏறிக்கொண்டிருந்தது. சிஸ்டர் ஊசியோடு நின்றார். அவர் முகம் கறுத்திருந்தது. ஒரு மணி நேரம் பிந்தியிருந்தால் தன்னால் ஒன்றும் செய்திருக்க முடியாது என்று டாக்டர் சொல்லிவிட்டுப் போயிருந்தாராம். அம்மா கட்டில் ஓரத்தில் உட்கார்ந்து என் காலைத் தடவிக்கொண்டே அழுதாள். பெற்ற மனம்தானே, தவித்துத்தான் போயிருப்பாள் என்று நினைத்து அவள் கையைப் பிடிக்கப் போனேன்.

"எம் வயித்துல பால வார்த்தடி" என்று மூக்கைச் சிந்தினாள். "ஒனக்கு ஒண்ணு கெடக்க ஒண்ணு ஆகியிருந்தா, சாவு விழுந்த வீடுன்னு ஒரு வருசத்துக்கு நல்ல காரியம் பண்ண முடியுமா? அக்கா கல்யாணம் நின்னுல்ல போயிருக்கும்."

சிஸ்டரின் கை ஊசியோடு அப்படியே நின்றது. நான் சட்டையைத் தூக்கி வயிற்றைக் காட்டினேன்.

"போடுங்க சிஸ்டர். கல்யாணம் நடக்கணும்ல."

அம்மா கண்ணைத் துடைத்துக்கொண்டு, ஆமாம் என்று தலையாட்டினாள்.