ட்ராம் டிரைவருக்குப் பக்கத்து இருக்கை

ஒஸ்லோவில் எங்கள் ஆட்களுக்கு ஹொங்கொங் பற்றி ஏதாவது தெரியவேண்டுமென்றால் என்னிடம்தான் வருவார்கள். வராவிட்டாலும் நான் விடமாட்டேன். பிறந்தநாள் கொண்டாட்டத்தில் கேக் வெட்டுவதற்குள் அபின் யுத்தத்தில் தொடங்கி, வெள்ளைக்காரன் தீவைப் பிடித்து, தொண்ணூற்றொன்பது வருடக் குத்தகை எழுதி, கடைசியில் திருப்பிக் கொடுத்த கதைவரை வந்துவிடுவேன். இரண்டு தட்டு ட்ராம் எந்தெந்தத் தரிப்பில் நிற்கும் என்பதை வரிசை பிசகாமல் சொல்வேன். நாங்கள் குடியிருக்கும் ரொம்சோஸ் அடுக்குமாடியில் ஒருவர் என்னைக் கண்டாலே மற்றப் பக்கத்துப் படியால் இறங்கிப் போய்விடுவார்.

உண்மை என்னவென்றால், நான் அந்த ஊரைப் பார்த்ததே இல்லை. எண்பதுகளின் கடைசியில் ஐரோப்பாவுக்கு வரும் வழியில் ஏழு மாதம் அங்கே இன்னும் சிலரோடு ஓர் அறைக்குள் இருந்தேன். விசா முடிந்துவிட்டது, ஆகவே வெளியே போகக்கூடாது, யன்னல் சீலையை விலக்கக்கூடாது என்பது எங்களைக் களவாகக் கூட்டிவந்த ஏஜென்சிக்காரனின் கட்டளை. விமான நிலையத்தில் யாரும் கேட்டால் அங்கேயே கடை வைத்திருப்பவன்போலப் பதில் சொல்லவேண்டும் என்று ஊர் விவரமெல்லாம் எழுதிய ஒரு கொப்பி தந்தான். மற்றவர்கள் சீட்டு விளையாடினார்கள். யாழ்ப்பாணத்து ரியூசன் கொட்டிலில் வளர்ந்த நானோ சோதனைக்குப் படிப்பதுபோல அதைப் பாடமாக்கினேன். ஆளுநர் மாளிகை, சந்தை, படகுத்துறை எல்லாம் தலைகீழாகத் தெரியும். கடைசியில் அதிகாரி என் முகத்தைக்கூடப் பார்க்காமல் முத்திரை குத்திவிட்டார். எனக்கு உண்மையிலேயே கோபம் வந்தது. ஒரு கேள்வியாவது கேட்டிருக்கலாம். அவர் கேட்காததையெல்லாம் அன்று முதல் ஒஸ்லோவுக்குச் சொல்லிக்கொண்டிருந்தேன்.

பிறகு, நான் வேலை செய்த கன்ரீனுக்கு ஹொங்கொங்கில் பிறந்து வளர்ந்த ஒரு பெண் வந்து சேர்ந்தார். "உன்னுடைய ஊரில் இருந்தவர்" என்று முதலாளி பெருமையாக என்னை அறிமுகப்படுத்தினார். பாத்திரம் கழுவும் இயந்திரத்தடியில் நின்றபடி கொப்பியின் முதல் பக்கத்திலிருந்து தொடங்கினேன். எனக்கும் அவருக்கும் நொர்வேஜிய மொழி அரைகுறைதான். ஆனாலும் அவருக்குக் கண் கலங்கிவிட்டது. இங்கே வந்து பதினொரு வருடத்தில் ஊரைப் பற்றிக் கதைக்க ஒருவரும் அகப்படவில்லையாம். அதன்பின் தினமும் இடைவேளையில் எனக்கும் சேர்த்துத் தேநீர் கொண்டுவருவார்.

ஒருநாள், தன் தந்தை முப்பது வருடம் ட்ராம் ஓட்டியவர் என்றார். நான் வாயை மூடிக்கொண்டு இருந்திருக்கலாம். இருந்தேனா?

"நான் எப்போதும் மேல்தட்டில், டிரைவருக்குப் பக்கத்து இருக்கையில்தான் இருப்பேன். வயதான ஒருவர் என்னோடு சிரித்துக் கதைப்பார். அவர் உங்கள் அப்பாவாகத்தான் இருக்கும்" என்றேன்.

அவர் தேநீரைக் கீழே வைத்தார். பிறகு, சனிக்கிழமை தந்தையின் நினைவுநாள், தாத்தாவைக் காணாத தன் மகளுக்கு நான் வந்து இதைச் சொல்லவேண்டும் என்றார்.

வீட்டுக்கு வந்து மனைவியிடம் சொன்னேன்.

"இஞ்சாருங்கோ, அந்த ட்ராமை நீங்கள் கண்ணாலையாவது கண்டனியளோ?"

"இல்லை."

"செத்த மனுசன்ரை படத்துக்கு முன்னாலை நிண்டு அந்தப் பிள்ளைக்குப் பொய் சொல்லப் போறியளோ? போய் உண்மையைச் சொல்லிப்போட்டு வாங்கோ. நான் வரமாட்டன். எனக்கு வெக்கமாக் கிடக்கு."

அந்தப் பெண்ணின் வீடு நகருக்கு வெளியே, ஸ்ட்ரோம்மனில். சனிக்கிழமை போய்ச் சேரும்வரை, சொல்லப்போவதை பஸ்ஸில் ஒத்திகை பார்த்தேன். உள்ளே தந்தையின் படம், ஊதுபத்தி, ஒரு தட்டில் தோடம்பழம். படத்தை நிமிர்ந்து பார்க்க எனக்குத் துணிவில்லை. குசினிக்குள் போய், பழம் வெட்டிக்கொண்டிருந்தவரிடம் அறை, கொப்பி, பொய் எல்லாவற்றையும் ஒரே மூச்சில் கொட்டிவிட்டேன்.

"தெரியும்" என்றார், வெட்டுவதை நிறுத்தாமல். "டிரைவர் கீழ்த்தட்டில்தான் நிற்பார். மேலே அவருக்குப் பக்கத்தில் இருக்கை ஏது?"

எனக்கு மானம் போய்விட்டது. "பிறகு ஏன் கூப்பிட்டீர்கள்?"

"தாத்தாவைப் பற்றி நான் சொன்னால் மகள் கேட்கமாட்டாள். எங்கள் ஊர் ட்ராமைப் பற்றிக் கதைக்க இங்கே வேறு யாரை நான் கூப்பிடுவது?"

பத்து வயது மகள் கைகட்டிக்கொண்டு படத்துக்கு முன்னால் காத்திருந்தாள். உன் தாத்தாவை நான் கண்டதில்லை என்று அவளிடம் சொன்னேன். சீலை மூடிய அறைக்குள் இருந்தேன், ஊர் எப்படி இருக்குமென்றே தெரியாது. ஆனால் தினமும் விடியும் நேரம் கீழே தெருவில் முதல் ட்ராம் மணியடித்துக்கொண்டு போகும்.

"அப்போது என்ன செய்வீர்கள்?"

"எழும்பி முகம் கழுவுவேன். வெளியில் யாரோ வேலைக்கு வந்துவிட்டார் என்று நிம்மதியாக இருக்கும்."

தாய் பழத்தட்டை வைத்துவிட்டு, குதிக்காலால் நிலத்தில் இரண்டு தரம் மிதித்துக் காட்டினார். "மணியைக் காலால்தான் அடிப்பார்கள். விடியற்காலை வண்டி உன் தாத்தாவுடையது. நாங்கள் கண்விழிக்கும்போது அவர் வீட்டில் இருக்கமாட்டார். என்னை ஒருநாளும் அவர் எழுப்பியதில்லை" என்றார் மகளிடம். பிறகு என் பக்கம் கையைக் காட்டினார். "இவரை எழுப்பியிருப்பார்."

நான் அழுதுவிட்டேன். அந்த ஏழு மாதத்தில்கூட அப்படி அழுததில்லை.