இரண்டு குதிரைகளுக்கு நடுவே ஒரு கிடேரி

ஜெனிட்டா, பிரவீன், குதிரை எப்படியப்பா மாடு மேய்க்கும் என்று போனில் கேட்டீர்கள். நான் பதில் சொல்ல ஆரம்பித்ததும் சிக்னல் போய்விட்டது. போனில் சொல்லி முடிகிற விஷயமும் இல்லை. நான் கண்ணால் பார்த்ததையும், பார்த்ததோடு நிற்காமல் மாட்டிக்கொண்டதையும் முதலிலிருந்து எழுதுகிறேன். இரண்டு பேரும் சேர்ந்து படியுங்கள். அம்மாவுக்கும் படித்துக் காட்டுங்கள். குதிரையிலிருந்து நான் விழவில்லை என்பதை மட்டும் அவளிடம் முதலிலேயே சொல்லிவிடுங்கள்.

வியாழக்கிழமை காலை காரைக்கால் பஸ் ஸ்டாண்டில் நீங்கள் கையசைத்தீர்கள் அல்லவா, அங்கிருந்து சென்னை சுமார் முந்நூறு கிலோமீட்டர். டிக்கெட் முந்நூற்றைம்பது ரூபாய். சென்னையிலிருந்து விமானத்தில் தோஹா, அங்கிருந்து பிரேசில் நாட்டின் சாவோ பாவ்லோ, அங்கே விமானம் மாறி உருகுவே நாட்டின் தலைநகரமான மாண்டெவிடியோ. இறங்கியபோது சனிக்கிழமை சாயங்காலம். நம் ஊரில் ஆனி மாத வெயில் மண்டையைப் பிளக்கிறது, இங்கே அதே ஆனியில் வாயைத் திறந்தால் புகை வருகிறது. பூமிக்கு மறுபக்கம் வந்துவிட்டதால் எல்லாமே தலைகீழ். நடுப்பகலில் சூரியன் வடக்கே நிற்கிறது.

துறைமுக வாசலில் செல்வம் அண்ணன் காத்திருந்தார். உங்களுக்குத் தெரியும், திருவேட்டக்குடிக்காரர், கப்பலில் இருபது வருடமாக இருப்பவர், இந்த வேலையை எனக்கு வாங்கிக் கொடுத்தவர். இந்தத் துறைமுகத்துக்குப் பலமுறை வந்து போனதால் ஸ்பானிஷ் பேசுவார்.

"வாடா மாப்ள. ஸ்வெட்டர் எங்க?"

"பெட்டியில இருக்குண்ணே."

"பெட்டிக்கா குளிருது? எடுத்து மாட்டு."

எங்கள் கப்பல் ஆடு மாடுகளை ஏற்றிச் செல்லும் கப்பல். உள்ளே மாடிமாடியாகத் தொழுவங்கள். இந்தப் பயணத்தில் துருக்கிக்குக் கிடேரிகள் போகின்றன, அங்கே வளர்த்துக் கன்று போட. கடலில் அவற்றுக்குத் தீனியும் தண்ணீரும் கொடுத்துப் பார்த்துக்கொள்வதுதான் என் வேலை. அப்படித்தான் நினைத்திருந்தேன். ஞாயிற்றுக்கிழமை கப்பலின் சூப்பர்வைசர் என்னைக் கூப்பிட்டு வேறு மாதிரி சொன்னார். அவர் கேரளத்துக்காரர், தமிழ் நன்றாக வரும்.

"ஊரில் மாடு வளர்த்த ஆளுன்னு செல்வம் சொன்னான், அதான் எடுத்தேன். நாளைக்குப் பண்ணைக்குப் போ. லாரியில ஏத்த ஒத்தாசை பண்ணு. நான் மத்தியானம் வந்து விசாரிப்பேன். சரியா வந்தா மாட்டுத் தளம். இல்லேன்னா குழாயைப் பிடிச்சுச் சாணி கழுவுற வேலை, அதுக்குச் சம்பளம் பாதி. சம்மதமா?"

சம்மதம் என்றேன். வேறென்ன சொல்வது? உங்கள் இரண்டு பேருடைய பள்ளிக்கூடமும் அந்த முழுச் சம்பளத்தில்தான் நிற்கிறது. வரிச்சிக்குடியில் பிறந்து மாட்டோடு வளர்ந்தவனுக்கு மாடு ஏற்றத் தெரியாதா என்ற தைரியமும் இருந்தது.

திங்கட்கிழமை, காலை ஆறு மணி. இன்னும் இருட்டு. கம்பெனி வேனில் நானும் செல்வம் அண்ணனும் புறப்பட்டோம். வடமேற்கே சுமார் அறுபது கிலோமீட்டர். வழியில் ஒரு பெட்ரோல் பங்க்கில் எம்பனாடா வாங்கினோம். நம் ஊர்ச் சோமாசி போல இருக்கும், உள்ளே கறி. ஒன்று நூறு பேசோ, நம் பணத்துக்கு இருநூறு ரூபாய்க்கு மேல். இரண்டு தின்றால் பசி அடங்கும் என்று தெரிந்தும் ஒன்றோடு நிறுத்திக்கொண்டேன்.

விடிந்த பிறகு பார்த்தால் நம் பக்கம் போலவே தட்டையான பூமி. வயல் இருக்க வேண்டிய இடமெல்லாம் புல். வரப்பு இல்லை, பனை இல்லை, ஒரு வீட்டுக்கும் அடுத்த வீட்டுக்கும் நடுவே வரிச்சிக்குடியே அடங்கும்.

எட்டு மணிக்குப் பண்ணை. பொறுப்பாளர் நோர்மா என்ற பெண்மணி. நாற்பத்தைந்து வயதிருக்கும், தொப்பி, முழங்கால் வரை பூட்ஸ். ஒரு குடுவையில் கசப்பான இலைத் தண்ணீரைக் குழல் வைத்து உறிஞ்சிக்கொண்டே கை கொடுத்தார். எனக்கும் நீட்டினார். வேப்பம் பட்டைக் கஷாயம் போல இருந்தது. முகம் சுளிக்காமல் குடித்தேன்.

அங்கேதான் முதல் முறை அந்தக் குதிரைகளைப் பார்த்தேன். படத்தில் வருகிற மாதிரி உயரமாக இருக்கும் என்று நினைத்திருந்தேன். குட்டை! தோள் என் நெஞ்சு உயரத்துக்குக் கொஞ்சம் மேல். கட்டையான கால், பருத்த கழுத்து, அகன்ற மார்பு. முதுகில் பிடரியிலிருந்து வால் வரை மையால் இழுத்தது போல ஒரு கறுப்புக் கோடு. இந்த இனத்துக்குக் கிரியோஜோ என்று பெயர்.

நோர்மா சொன்னதைச் செல்வம் அண்ணன் தமிழில் சொன்னார். பல நூறு வருடங்களுக்கு முன் ஸ்பெயின்காரர்கள் கப்பலில் குதிரைகளைக் கொண்டுவந்தார்கள். அவற்றில் பல தப்பியோடி இந்தப் புல்வெளியில் காட்டுக் குதிரைகளாகத் திரிந்தன. பனியில், பஞ்சத்தில் பலவீனமானவை செத்துப்போயின. பிழைத்தவற்றின் வம்சம் இது. அமெரிக்கக் கண்டத்தில் மாடு மேய்க்கிற தேசம் பலவற்றிலும் அதே ஸ்பெயின் குதிரைகளின் வாரிசுகள் வேறு வேறு பெயரில் இருக்கின்றனவாம்.

"இதுங்க மாட்டோட மனசைப் படிக்கும்னு அந்தம்மா சொல்லுது" என்றார் அண்ணன்.

"குதிரையா?"

"நானா சொல்றேன்? அந்தம்மா சொல்லுது. பாரு, காட்டும்."

காட்டினார். பட்டியில் கறுப்புக் கிடேரிகள் ஒன்றோடொன்று உரசி நின்றன. கொம்பில்லாத இனம். நோர்மா தன் குதிரையில் நடந்து உள்ளே போய், ஒரு கிடேரியைத் தாடையால் சுட்டிக் காட்டினார். அதை மட்டும் பிரித்து வெளியே கொண்டுவர வேண்டும். கிடேரி இடது பக்கம் பாய நினைத்தது. பாயவில்லை, நினைத்தது, அவ்வளவுதான். அதற்குள் குதிரை பின்னங்கால்களில் உட்கார்ந்தாற்போல் சுழன்று இடது பக்கத்தில் நின்றது. வலப்பக்கம் நினைத்தால் வலப்பக்கம். நோர்மாவின் கையில் கடிவாளக் கயிறு தொய்வாகக் கிடந்தது. சத்தமில்லை, சாட்டையில்லை. கிடேரி கடைசியில் சலித்துப்போய்த் தானாக வாசல் வழியே வெளியே நடந்தது.

பத்து மணி. முதல் லாரி நிரம்பிப் புறப்பட்டது. இரண்டாவது லாரிக்கான மாடுகளைப் பட்டியிலிருந்து ஏற்றுப் பலகைக்கு விட வேண்டும். ஆள் குறைவு. இப்போது நம் கையைக் காட்டலாம் என்று நான் வேலி தாண்டி உள்ளே இறங்கினேன். நம் ஊரில் எப்படிச் செய்வோமோ அப்படியே செய்தேன். தோளில் கிடந்த துண்டை எடுத்துச் சுழற்றி, "ஹேய்! த்தா, த்தா! போ!" என்று குரல் கொடுத்தேன்.

பிள்ளைகளே, நம் மாடு நம் வீட்டு வாசலில் பிறந்தது. நம் சத்தமும் துண்டும் அதற்குப் பழக்கம். இந்த மாடுகள் பிறந்ததிலிருந்து மனிதனைக் குதிரை மேல்தான் பார்த்திருக்கின்றன. இரண்டு காலில் தரையில் நடந்து, துணியை ஆட்டிக் கத்துகிற பிராணியை அவை பார்த்ததே இல்லை! பட்டி முழுவதும் ஒரே சுழல். மற்றவை வேலியோடு ஒட்டிக்கொண்டன. இடது காது நுனி கிழிந்த ஒரு கிடேரி மட்டும் வேலியில் மோதி, மேல் கம்பியை அறுத்துத் தாவி வெளியே ஓடிவிட்டது. நேரே ஆற்றங்கரைச் சதுப்பை நோக்கி.

யாரும் என்னைத் திட்டவில்லை. அதுதான் கஷ்டமாக இருந்தது.

"அந்தச் சேறு உள்ள போகப் போக ஆழமாம். போன மாசம் ஒண்ணு எறங்கி, மேல வரவே இல்லையாம்" என்றார் அண்ணன் மெதுவாக. "ரெண்டு குதிரை வேணும்னு அந்தம்மா சொல்லுது. மாட்டை நடுவுல வச்சு ரெண்டு பக்கமும் தோளால அணைச்சுக் கூட்டியாரணுமாம். குதிரை இருக்கு. ஆளு இல்ல. இங்க இருக்கிற இன்னொருத்தன் பட்டியைப் பார்த்துக்கணும்."

"நீங்க போங்கண்ணே."

"நானா? கட்டுமரத்துல நிக்கச் சொல்லு நிக்கிறேன். இதுல ஏற மாட்டேன்."

நோர்மா என்னைப் பார்த்து ஏதோ சொன்னார். அண்ணன் சிரிப்பை அடக்கிக்கொண்டு, "வெரட்டினவரே வரட்டும்னுது" என்றார்.

ஏறினேன். எனக்குக் கொடுத்த பெண் குதிரையின் பெயர் கனேலா. பிரியாணிக்குப் போடுகிற பட்டைக்கு அந்த மொழியில் அதுதான் பெயர், நிறமும் அதுதான். சேணத்துக்கு மேல் ஆட்டுத்தோல் விரித்திருந்தார்கள். அந்தக் கிடேரி கரையேறும் வரை இறங்குவதில்லை என்று மனதுக்குள் மாதாவிடம் சொல்லிக்கொண்டேன்.

சதுப்பு நம் திருவேட்டக்குடி முகத்துவாரம் மாதிரிதான், கோரை உயரமாக, தண்ணீர் கறுப்பாக. கிடேரி ஒரு மேட்டில் நின்று மூச்சிரைத்தது. நோர்மா ஒரு பக்கம், நான் மறு பக்கம். நெருங்கியதும் அது என் பக்கம் திரும்பியது. எனக்குக் கை தானாக வேலை செய்தது. வண்டி மாட்டைத் திருப்புகிற மாதிரி கயிற்றை வலப்பக்கம் இழுத்தேன். கனேலா சொன்னபடி கேட்டு வலப்பக்கம் திரும்பிற்று. திறந்த வழியில் கிடேரி பாய்ந்து இன்னும் உள்ளே போய்விட்டது.

இரண்டாம் முறை இரண்டு கையாலும் பின்னுக்கு இழுத்துவிட்டேன். கனேலா டக்கென்று நின்றது. கிடேரி அதன் மூக்குக்கு முன்னால் தாண்டிப் போயிற்று. இப்போது அதன் வயிறு வரை தண்ணீர்.

"சுவெல்த்தா! சுவெல்த்தா!" என்று நோர்மா கத்தினார்.

கரையிலிருந்து அண்ணன் கத்தினார். "கயிற விடச் சொல்லுதுடா! விட்டுடு!"

"விட்டா விழுந்துடுவேண்ணே!"

"விழு! சேறுதானே!"

எனக்குக் கோபம் வந்தது. அண்ணன் மேல் இல்லை, என் கை மேல். வாழ்நாள் முழுக்க மூக்கணாங்கயிற்றைப் பிடித்த கை. மாடு என்றால் இழு என்றுதான் அதற்குத் தெரியும். இங்கே வேலை தெரிந்தவள் கனேலா. குறுக்கே வருகிறவன் நான். கயிற்றைக் கழுத்தின் மேல் போட்டேன். ஆட்டுத்தோலை இரண்டு கையாலும் கொத்தாகப் பிடித்தேன். விழுந்தாலும் சரி, இனி இழுப்பதில்லை.

கனேலாவுக்கு அது உடனே புரிந்தது. இரண்டு காதும் கிடேரியை நோக்கித் திரும்பின. சேற்றில் ஒவ்வொரு குளம்பாக வைத்துப் பார்த்து, சுற்றி வளைத்து, ஆழத்துக்கும் கிடேரிக்கும் நடுவே போய் நின்றது. கிடேரி தலையைத் திருப்பும் முன்பே அங்கே இருந்தது. பிறகு தோளைக் கொண்டுபோய்க் கிடேரியின் தோளில் சாய்த்தது. இடிக்கவில்லை. கூட்டமான பஸ்ஸில் பக்கத்து ஆள் நகர்ந்து உட்காரச் சொல்வது போல ஒரு சாய்ப்பு. மறு பக்கம் நோர்மாவின் குதிரையும் வந்து சாய்ந்தது. என் கால் கனேலாவுக்கும் கிடேரிக்கும் நடுவில். அந்தச் சூடு, அதன் நெஞ்சு அடித்துக்கொள்வது எல்லாம் என் முட்டியில் தெரிந்தது. பத்தடி நடந்ததும் அந்தத் துடிப்பு தணிந்தது. இரண்டு பக்கமும் தெரிந்த பிராணி இருக்கிறது, பயமில்லை என்று அதற்குத் தோன்றியிருக்க வேண்டும். மூன்றும் ஒரே நடையாகக் கரையேறின. நான் சும்மா உட்கார்ந்திருந்தேன். அதைவிடக் கஷ்டமான வேலையை நான் இதுவரை செய்ததில்லை.

பகல் ஒரு மணி. சூப்பர்வைசர் வந்தபோது அந்தக் கிடேரி லாரியில் இருந்தது. என் பேண்ட் இடுப்பு வரை சேறு. நடந்ததை நானே சொன்னேன். அவர் நோர்மாவைப் பார்த்தார். நோர்மா சொன்னதை அண்ணன் சொன்னார்: "ஒண்ணை வெரட்டினாரு, ஒண்ணைக் கொண்டாந்தாரு. கணக்கு சரி. கயிற விடுறதுக்கு மூணாவது தடவையிலயே கத்துக்கிட்டாருங்குது. அந்தம்மா மச்சான் இன்னும் கத்துக்கலையாம்."

சூப்பர்வைசர் சிரித்துவிட்டார். "மூணாம் மாட்டுத் தளம் உனக்கு. ஆனா கப்பலில் அந்தத் துண்டைச் சுத்துறதைப் பார்த்தேன்னா..." முடிக்கவில்லை.

புறப்படும்போது கனேலாவிடம் போய்க் கழுத்தைத் தடவினேன். திரும்பிக்கூடப் பார்க்கவில்லை, புல் தின்றுகொண்டிருந்தாள். வேனில் வரும்போது நம் வீட்டைத்தான் நினைத்தேன். நம் மாடும் நம் கையும் ஒரு கயிற்றின் இரண்டு முனை. அதில் குறையொன்றும் இல்லை, ஐந்து சென்ட் கொல்லையில் அப்படித்தான் முடியும். ஆனால் ஜெனிட்டா, நம் கன்று தொழுவத்துக்கு வர மறுத்தால் நீ பின்னால் நின்று கத்துகிறாய், பிரவீன் முன்னால் நின்று இழுக்கிறான். ஒருநாள் இரண்டு பேரும் ஆளுக்கொரு பக்கம் அதன் தோளோடு தோளாக நடந்து பாருங்கள். என்ன ஆகிறதென்று எனக்கு எழுதுங்கள்.

செவ்வாய்க்கிழமை நண்பகலுக்குள் எல்லா மாடுகளும் கப்பலேறிவிட்டன. மற்றவர்கள் சாப்பிடப் போனார்கள். நான் மூன்றாம் தளத்துக்கு இறங்கினேன். காது கிழிந்த கிடேரி தொழுவத்தின் மூலையில் சுவரைப் பார்த்து நின்றது. ஏறியதிலிருந்து அது தண்ணீர் குடிக்கவில்லை. தொட்டி இரண்டடி தள்ளி இருந்தது, அதற்குத் தெரியவில்லை. துண்டைத் தோளிலிருந்து எடுத்து மடித்துச் சட்டைக்குள் வைத்துக்கொண்டேன். தடுப்பைத் திறந்து ஓரமாகவே நடந்து அதன் பக்கத்தில் போய், அதே பக்கம் பார்த்து நின்றேன். அது மிரளவில்லை. வாயைத் திறக்காமல், கையைத் தொங்கவிட்டபடி, என் தோளை அதன் தோளில் மெல்லச் சாய்த்தேன். அது ஓரடி நகர்ந்தது. நானும் நகர்ந்தேன். இன்னும் ஓரடி. பிறகு அது தலை குனிந்து உறிஞ்சுகிற சத்தம் கேட்டது. அது குடித்து முடிக்கும் வரை அப்படியே நின்றேன்.