போர்டில் குறையில்லை என்றேன்

என் மகள் செய்யாத ஒரு தவறுக்காக அவளையே என்னிடம் மன்னிப்புக் கேட்க வைத்தவன் நான். தவறு என்னுடையது. அது எனக்கு அப்போதே தெரியும். தெரிந்தே அவளை மன்னித்தேன்... ஆம், மன்னித்தேன்! அதுவும் பெருந்தன்மையோடு!

இதை இன்றுவரை யாரிடமும் சொன்னதில்லை. மனைவி சுதாவிடம்கூடச் சொல்லவில்லை. உங்களிடம் சொல்வதற்கு ஒரே காரணம், நீங்கள் என் முகத்தைப் பார்க்கப்போவதில்லை என்பதுதான். கோழைக்கு இந்த அளவு தைரியம்தான் வரும்.

நான் ஹைதராபாத்தில், குஷாய்குடா பக்கம் இருக்கிறேன். பொதுத்துறை எலக்ட்ரானிக்ஸ் தொழிற்சாலை ஒன்றில் வேலை. ஆம்பூரிலிருந்து அதே தொழிற்சாலைக்கு வேலைக்கு வந்தவர் என் அப்பா. வெளியிலிருந்து வரும் உதிரிபாகங்களைச் சோதிக்கும் பிரிவில் இருபத்திரண்டு வருடங்களாக உட்கார்ந்திருக்கிறேன். பயன்படுத்திக் கழித்த சில்லுகளைத் துடைத்து, மேல் எழுத்தைச் சுரண்டி, புதியவை என்று தலையில் கட்டுகிறவர்கள் உண்டு. அவர்களைப் பிடிப்பதுதான் என் பிழைப்பு. என் மேசைக்கு வரும் சரக்குக்கு நான் ‘புதியது’ என்று முத்திரை குத்தினால் அது புதியது. இதை ஏன் சொல்கிறேன் என்று உங்களுக்குப் புரியும். என் குற்றம் அறியாமையில் வந்ததன்று.

யாமினி எங்களுக்கு ஒரே மகள். பொறியியல் கல்லூரியில் இடம் கிடைத்தால் விளையாடுவதற்கென்றே புத்தம்புதுக் கணினி வாங்கித் தருவதாக வாக்குக் கொடுத்திருந்தேன். இடம் கிடைத்தது. நல்ல கல்லூரி. கொடுத்த வாக்கு கழுத்தில் வந்து உட்கார்ந்தது.

கையில் பணம் இல்லையா? இருந்தது! கஞ்சத்தனம் என்று சொன்னால் அது பாதி உண்மை. மீதியையும் சொல்லிவிடுகிறேன். அவளுடைய விளையாட்டை நான் மதிக்கவில்லை. சுட்டுத் தள்ளுகிற பொம்மைகளுக்கு இது போதாதா என்று நினைத்தேன். அவள் டியூஷனுக்கோ பல் மருத்துவருக்கோ செலவழிக்க நான் ஒருநாளும் தயங்கியதில்லை. அவளுக்கு உயிராக இருந்த ஒன்றில் மட்டும் மிச்சம் பிடிக்கத் தோன்றியது.

செகந்திராபாத்தில் பழைய கணினிப் பாகங்கள் விற்கும் கடைக்குப் போனேன். கம்பெனிகள் கழித்துப் போட்ட சர்வர்களிலிருந்து கழற்றிய பிராசசர்கள் அங்கே முட்டைக் கடைத் தட்டில் அடுக்கியதைப்போல் வரிசையாக இருந்தன. பதினான்கு கோர்கள் கொண்டது, மலிவான நாலு கோர் புதுசின் விலையில் பாதிக்கும் குறைவு! அதற்குப் பொருந்தும் மதர்போர்டு, பேர் தெரியாத சீனத் தயாரிப்பு. நினைவகப் பட்டைகளும் சர்வரில் உழைத்தவையே.

கடைக்காரர் பாய் நேர்மையானவர். "டரோ நக்கோ சாப், சர்வர் கா மால் ஜல்தி மர்தா நை" என்று, சர்வர் சரக்கு சீக்கிரம் சாகாது, பயப்படாதீர்கள் என முதலில் எனக்குத் தைரியம் சொன்னார். பிறகு, நான் கேட்காமலேயே, இந்த போர்டில் பாதுகாப்புச் சில்லு கிடையாது, இனி வரப்போகும் சில விளையாட்டுகள் அது இல்லாவிட்டால் திறக்கவே மறுக்கும், பிள்ளைகளுக்கென்றால் யோசித்து எடுங்கள் என்றார். யோசித்தேன். விலையைத்தான் யோசித்தேன்.

ஞாயிற்றுக்கிழமை காலை, யாமினியும் சுதாவும் கோவிலுக்குப் போயிருந்த நேரத்தில், பாகங்களை மேசையில் பரப்பினேன். பிராசசரின் உலோக மூடியில் காய்ந்த வெப்பப் பசை அப்பியிருந்தது. பழையதைக் காட்டிக் கொடுப்பதே அந்தக் கறைதான். தொழிற்சாலையில் எத்தனை சரக்கை அந்தக் கறையை வைத்துத் திருப்பி அனுப்பியிருக்கிறேன்! ஆல்கஹாலில் நனைத்த துணியால் துடைத்தேன். ஓரங்களைப் பஞ்சுக்குச்சியால் துடைத்தேன். எங்கே பார்ப்பார்கள் என்று தெரிந்தவனுக்கு எங்கே துடைக்க வேண்டும் என்றும் தெரியும். கண்ணாடிப் பக்கமும் வண்ண விளக்குகளும் கொண்ட புதுக் கேபினெட்டுக்குள் எல்லாவற்றையும் பூட்டினேன்.

திரும்பி வந்தவள் கேபினெட்டைக் கட்டிக்கொண்டாள். பிறகு திரையில் பிராசசரின் பெயரைப் பார்த்துவிட்டு, இது சர்வர் பிராசசர் ஆயிற்றே என்று கேட்டாள். கெட்டிக்காரி. சாதாரணக் கடைகளில் கிடைக்காது, ஆபீஸ் மூலமாகப் புதிதாக வரவழைத்தேன் என்றேன். அவள் நம்பினாள். ஏன் நம்பமாட்டாள்? எது புதியது, எது பழையது என்று சொல்வதுதானே அவள் அப்பாவின் உத்தியோகம்! பதினான்கு கோர் என்று நண்பர்களிடமெல்லாம் பெருமையடித்துக்கொண்டாள்.

ஒன்றரை வருடம் அது ஓடியது. என்னை நானே மெச்சிக்கொண்டேன். இதையும் எழுதத்தான் வேண்டும்.

இரண்டாம் ஆண்டில் அவளைக் கல்லூரி அணியில் சேர்த்துக்கொண்டார்கள். ஐந்து பேர் ஆடும் ஆட்டம். மற்ற நால்வரும் பையன்கள். வம்சி என்கிற பையன் தலைவன். ஒரு பெண் இவ்வளவு நன்றாகச் சுடுகிறாளே என்று அவர்களுக்கு முதலிலிருந்தே ஒரு சந்தேகம் இருந்ததாம். அதை அவள் சிரித்துக்கொண்டுதான் எங்களிடம் சொன்னாள்.

கல்லூரிகளுக்கிடையேயான தேர்வுச் சுற்று ஒரு சனிக்கிழமை பிற்பகல் நடந்தது. அவரவர் வீட்டிலிருந்தே ஆடலாம். நான் பக்கத்து அறையில் தேநீர் குடித்துக்கொண்டிருந்தேன். ஆட்டம் பாதியைத் தாண்டியிருக்கும். அவள் குரல் சட்டென்று நின்றுபோனது. போய்ப் பார்த்தேன். இந்தக் கணினியின் நம்பகத்தன்மையை உறுதி செய்ய முடியவில்லை என்று திரையில் ஒரு வாசகம், கீழே ஓர் எண். அந்த வாரம்தான் விளையாட்டைப் புதுப்பித்து, போட்டிச் சுற்றுகளின் நடுவே கணினியைச் சோதிக்கும் ஏற்பாட்டைச் சேர்த்திருந்தார்கள். மற்ற நால்வரின் திரையிலும் தெரிந்தது ஒன்றே ஒன்றுதான்... மோசடியைத் தடுக்கும் காவல் நிரல் யாமினியை வெளியேற்றிவிட்டது.

அணி தோற்றது. வம்சி போனில் கத்தியது எனக்கே கேட்டது. குறுக்குவழி நிரல் போட்டுத்தான் இத்தனை நாளும் ஜெயித்தாயா என்று கேட்டான்.

"நேனேமி செய்யலேது, நேனேமி செய்யலேது" என்று அவள் திரும்பத் திரும்பச் சொன்னாள். பதற்றத்தில் அவளுக்குத் தெலுங்குதான் வரும். நான் ஒன்றும் செய்யவில்லை என்கிறாள். அது உண்மை என்று அந்த வீட்டில் அறிந்தவன் நான் ஒருவனே.

அரை மணி நேரம் இணையத்தில் தேடிவிட்டு என்னிடம் வந்தாள். இனி நடந்ததை நான் ஒரு சொல்லும் மாற்றாமல் சொல்ல வேண்டும்.

"அப்பா, இந்த எண் வந்தா ரெண்டே காரணம்தானாம். ஒண்ணு, ஏதாவது தப்பான சாஃப்ட்வேர் இருக்கணும். இல்லேன்னா போர்டுல செக்யூரிட்டி சிப் இல்லாம இருக்கணும். நம்ம போர்டுல இருக்குல்ல?"

விடையைக் கையில் ஏந்திக்கொண்டு வந்திருந்தாள்! நான் தலையசைத்திருந்தால் போதும். அப்பா பழையதை வாங்கிவிட்டேன் அம்மா என்று ஒரு வரி. வம்சிக்கு ஒரு போன். அவள் பெயர் அன்று மாலையே துடைத்துச் சுத்தமாகியிருக்கும்.

"போர்டு புதுசு. அதுல ஒரு குறையும் இல்ல" என்றேன். அதோடு நிறுத்தினேனா? "நீ என்ன இன்ஸ்டால் பண்ண?"

அவள் என்னையே பார்த்தாள். கோபமாக இருந்திருந்தால் தாங்கியிருப்பேன். அது கோபம் இல்லை. தன்னையே சந்தேகிக்கத் தொடங்குகிற பார்வை.

ஏன் அப்படிச் சொன்னேன்? எத்தனை முறை கேட்டுப் பார்த்துவிட்டேன்... பணம் மிச்சம் பிடித்த அப்பன் என்று தெரிந்துவிடும் என்ற பயம் ஒன்று. பொய் முத்திரை குத்தினவன் என்று தெரிந்துவிடும் என்ற பயம் அதைவிடப் பெரியது. என் மானத்தையும் அவள் மானத்தையும் தராசில் வைத்தேன். என் மானம்தான் கனமாகத் தெரிந்தது. வெட்கம் கெட்டவன்!

திங்கட்கிழமை அவள் கல்லூரிக்குப் போன பிறகு அரை நாள் விடுப்பு எடுத்தேன். போர்டின் உள்ளமைப்புப் பக்கத்தைத் திறந்து தேடினேன். அந்தச் சில்லுக்கான இடமே அதில் இல்லை. பாய் சொன்னது அட்சரம் பிசகாத உண்மை. அணைத்துவிட்டுத் தொழிற்சாலைக்குப் போய், அன்று வந்த சரக்கில் பழைய பாகம் இருப்பதாக ஒரு பெட்டியைத் திருப்பி அனுப்பினேன்.

அவள் இரண்டு நாள் சரியாகச் சாப்பிடவில்லை என்று சுதா வருத்தப்பட்டாள். மூன்றாம் நாள் மாலை யாமினி என் அருகில் வந்து உட்கார்ந்தாள். விசைப்பலகையின் விளக்குகளை மாற்றுவதற்காக சீனியர் ஒருவர் கொடுத்த சிறு நிரலை எப்போதோ ஏற்றியிருந்தாளாம். அதில்தான் ஏதாவது ஒளிந்திருந்திருக்கும் என்று முடிவு செய்திருந்தாள். வம்சியிடமும் அப்படியே ஒப்புக்கொண்டுவிட்டாள்.

"ஸாரி அப்பா. நீங்க அவ்ளோ கஷ்டப்பட்டு வாங்கிக் குடுத்தீங்க. நான் கெடுத்துட்டேன்."

இதைக் கேட்டுவிட்டும் ஒரு மனிதன் வாய்மூடி இருப்பானா? நான் வாய்மூடிக்கூட இருக்கவில்லை! அவள் தோளில் கை வைத்து உபதேசம் செய்தேன். "பரவால்ல விடும்மா. தப்பு நடந்தா மறைக்கக் கூடாது, முதல்லயே ஒத்துக்கணும். நீ ஒத்துக்கிட்டேல்ல, அது போதும்" என்றேன். அவள் என் மடியில் தலைவைத்து அழுதாள். நான் தட்டிக்கொடுத்தேன்.

அணியிலிருந்து அவளை நீக்கினார்கள். மீதி இரண்டு வருடமும் கல்லூரியில் அவளுக்கு ‘ஹேக்கர் மேடம்’ என்று பெயர். கேன்டீனில், லேபில், வகுப்பு குரூப்பில்... கேலிதான், ஆனால் யாரும் நிறுத்தவில்லை. விளையாட்டை அவள் அடியோடு விட்டுவிட்டாள். ஒழுங்காகப் படிக்கத் தொடங்கிவிட்டாள் என்று உறவினர்கள் என்னைப் பாராட்டினார்கள். அந்தப் பாராட்டையும் வாங்கிப் பைக்குள் போட்டுக்கொண்டேன்.

சொல்லியிருக்கலாமே என்பீர்கள். அவள் பட்டம் வாங்கிய அன்று சொல்ல நினைத்தேன். நல்ல நாளில் எதற்கு என்று விட்டேன். புனேயில் வேலை கிடைத்து அவளை ரயிலேற்றியபோது நினைத்தேன். தனியாகப் போகிற பிள்ளையிடம் எதற்கு என்று விட்டேன். எனக்குச் சாக்குக் கிடைக்காத நாளே இல்லை.

போன ஞாயிற்றுக்கிழமை போன் செய்தாள். மென்பொருள் சோதிக்கும் வேலை. அலுவலகத்தில் வெள்ளிக்கிழமை ஏதோ ஒன்று பாதியில் நின்று, மூன்று பேர் கொண்ட குழுவின் வாரம் முழுவதுமான உழைப்பு வீணாகிவிட்டதாம். யாரால் நேர்ந்தது என்று மேலாளர் விசாரிக்கத் தொடங்குவதற்குள் இவளே கடிதம் அனுப்பிவிட்டாள். என் கவனக்குறைவாகத்தான் இருக்கும், மன்னிக்கவும் என்று.

"நீதான் பண்ணியா யாமினி?" என்று கேட்டேன்.

"தெரியல அப்பா. நான் எதையும் தொட்ட மாதிரி ஞாபகம் இல்ல. ஆனா என்னை அறியாம ஏதாவது பண்ணியிருப்பேன்ல... அன்னிக்குக்கூட அப்படித்தானே ஆச்சு. அதான், நீங்க சொன்ன மாதிரி முதல்லயே ஒத்துக்கிட்டேன்."

சொல்ல வேண்டிய வார்த்தை நாக்கின் நுனியில் நின்றது. மறுமுனையில் அவள் காத்திருந்தாள். செய்தது சரிதானா என்று அப்பாவின் வாயால் கேட்க வேண்டும் அவளுக்கு.

"சரியாத்தான் பண்ணியிருக்க" என்றேன்.

அவள் நிம்மதியாக மூச்சுவிட்டது போனில் கேட்டது.